கோதை சொன்னதும் கோதையைச் சொன்னதும்

ஸ்ரீ:

நம் பெரியோர் வாக்குகளில் நாடெங்கும் பரவி நாவில் நிலைத்தவை பல. அவற்றுள் திருப்பாவையோடும் ஸ்ரீவில்லிபுத்தூரோடும் தொடர்புடைய எதையாவது எடுத்து, 'இது யார் வாக்கு?' என்று கேட்டால், பெரும்பாலோர் தயங்காமல் 'ஆண்டாள் வாக்கு' என்றே விடையிறுப்பர். அன்பினால் வரும் விடையேயாயினும் அது பல இடங்களில் உண்மையன்று. அருளிச்செய்தவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்றாகும்போது, வாக்கின் பொருளும் உடன் மாறிவிடுகிறது. இம்மாற்றத்தால் விளையும் குறை சிறிதன்று என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒலி ஒத்திருந்தால் பொருள் அதன் பின்னே செல்லும் என்பதற்கு இவ்வூரிலேயே சான்றுண்டு. வைத்தியநாத சுவாமி கோயில் அமைந்த பகுதி மடவார் வளாகம். 'மடவார்' என்பதைப் பெண்டிர் என்று கொண்டு அப்பெயருக்குக் காரணம் கூறுவார் பலர். ஆனால் கோயிலைச் சூழ்ந்த தெருக்களுக்கு 'மடவளாகம்' என்றே ஒரு பழஞ்சொல் தமிழில் உண்டு. அகராதியும் அப்பொருளையே தருகிறது. அச்சொல் வழக்கொழிந்தபின், தெரிந்த சொல் ஒன்று அவ்விடத்தில் வந்து அமர்ந்து, தனக்கென ஒரு கதையையும் அழைத்துக்கொள்வது இயல்பே. ஊர்ப்பெயருக்கு நேர்வது வாக்குக்கும் நேரும். மறந்துபோன பெயரின் இடத்தில் நன்கு தெரிந்த பெயர் வந்து அமர்கிறது. கோதையின் திருநாமத்தைவிட நன்கு தெரிந்த பெயர் இவ்வூரில் வேறு ஏது?

முதற்கண் எளிய எடுத்துக்காட்டுகளைக் காண்போம். சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்னும் திருநாமம் உய்யக்கொண்டார் அருளிய தனியனிலிருந்து வந்தது. மாலையைச் சூடிக் கொடுத்த வரலாற்றை ஆண்டாள் தம் இரு பிரபந்தங்களிலும் எடுத்துரைக்கவில்லை; அதனை நமக்குத் தருவன தனியனும் குருபரம்பரையுமேயாம். இங்கே ஒரு நயமும் உண்டு. எம்பெருமான் சூடிக் களைந்ததைத் தாங்கள் சூடுவதாகத் திருப்பல்லாண்டில் பெரியாழ்வார் அடியார் திறத்தைப் பேசினார். அவர் திருமகளார் வரலாற்றிலோ இவள் சூடிக் களைந்ததை எம்பெருமான் விரும்பிச் சூடினான். தந்தையார் பேசியது சேஷபூதனின் இயல்பு. மகளார் வரலாறு காட்டுவது சேஷியின் வ்யாமோஹம். உய்யக்கொண்டாரின் கண் இதிற்பட்டது என்று அறிந்தாலன்றி, இந்த நயத்துக்கு உரியவரை நாம் வணங்க இயலாது.

மாதங்களுள் தான் மார்கழி என்று எம்பெருமான் கூறியதைத் திருப்பாவை வாக்காகவே சொல்லிவருவோர் உளர். அது கீதையின் 10ஆம் அத்தியாயம், 35ஆம் சுலோகத்தில் உள்ளது. ஆண்டாள் அம்மாதத்தைச் சொல்லித் தொடங்கினாளேயன்றி, அதன் மேன்மைக்குக் காரணம் எதையும் எடுத்துரைக்கவில்லை. காரணம் கூறும் பணியை உரையாசிரியர்க்கு விட்டாள் என்று கொள்வதே பொருத்தம்.

இனி இவற்றினும் நுட்பமான ஒன்று. ராஜாஜி இயற்றி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிப் பரவிய 'குறை ஒன்றும் இல்லை' என்னும் பாடலைத் திருப்பாவை 28ஆம் பாசுரத்தின் வழிமொழியாகவே பலரும் கருதுகின்றனர். குறையற்ற கோவிந்தன் என்னும் விளி அப்பாசுரத்தில் இருப்பது மெய்யே. ஆனால் குறைவின்மை யாருடையது என்பதே வினா. பாசுரத்தில் ஆய்ச்சியர் தங்களுக்கு அறிவில்லை என்றும், வேறு கைம்முதல் இல்லை என்றும் முன்னரே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அக்குறையை நிரப்ப வல்ல பூர்த்தி அவனிடத்தில் உள்ளது என்பதே அங்கே கருத்து. ஆகிஞ்சந்யம் இவர்களுடையது, நிறைவு அவனுடையது. ராஜாஜியின் பாடலிலோ, கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்து நின்றாலும் தமக்கு மனக்குறை இல்லை என்று பாடுபவர் தம் நெஞ்சின் அமைதியைப் பேசுகிறார். அதுவும் உயர்ந்த நிலையே. எனினும் முன்னது சரணாகதியின் அதிகாரத்தைச் சொல்வது, பின்னது சரணம் அடைந்தவரின் நிறைவைச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக்கினால், பாசுரத்தில் ஆய்ச்சியர் வெளியிட்ட வெறுமை மறைந்துபோகும். அவ்வெறுமை இல்லையேல் 28ஆம் பாசுரமே இல்லை.

'கோயில் அண்ணன்' என்னும் வாக்கு மற்றொரு வகையைச் சார்ந்தது. திருமாலிருஞ்சோலை எம்பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டதை ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் திருமொழியில் பாடினாள். அந்த நேர்ச்சையை எம்பெருமானார் நிறைவேற்றி இவ்வூருக்கு எழுந்தருளியபோது, அர்ச்சையில் இருந்த நாச்சியார் அவரை அண்ணா என்று அழைத்தாள் என்பது ஐதிஹ்யம். வாழித்திருநாமமும் அவளைப் பெரும்பூதூர் மாமுனிக்குப் பின்பிறந்தவளாகவே வாழ்த்துகிறது. ஆகவே இதனை ஆண்டாள் வாக்கு என்பதில் பிழையில்லை. பிரபந்தத்தில் உள்ள வாக்கு என்றால்தான் பிழை. மணவாளமாமுனிகளின் சீடரான கோயில் கந்தாடை அண்ணனையும் சுருக்கமாகக் கோயில் அண்ணன் என்றே வழங்குவதால், ஒரே பெயர் இரு ஆசாரியர்களிடம் சென்று சேரவும் இடமுண்டு. எந்த நூலில், எந்த இடத்தில் வருகிறது என்பதை நோக்காமல் இப்பெயருக்குப் பொருள் கூறலாகாது.

இதுகாறும் கூறியவற்றில் பெயர் மாறியதால் நயம் குறைந்தது. இனிக் கூறப்போவதில் பெயர் மாறியதால் அடியார்க்கே ஊறு நேர்கிறது.

திருப்பாவை சாற்றுமுறையின்போது முப்பது பாசுரங்களை அடுத்து இரண்டு வெண்பாக்கள் சேவிக்கப்படுகின்றன. ஒன்று கோதை அவதரித்த இவ்வூரின் பெருமையை அடுக்கிச் சொல்வது. மற்றொன்று, திருப்பாவை பாதகம் தீர்ப்பதென்றும் வேதங்களுக்கெல்லாம் விதை போன்றதென்றும் புகழ்ந்து, அம்முப்பதையும் அறியாதவரை இந்த வையம் தாங்குவது வீண் என்று முடிப்பது. 'வேதத்தின் வித்து' என்று மேடைதோறும் முழங்கும் தொடருக்கு மூலம் இதுவே. இவ்விரண்டும் பெரியாழ்வார் திருவம்சத்தாராக இவ்வூரில் போற்றப்படும் வேதப்பிரான் பட்டர் அருளியவை என்பது ஸம்பிரதாயம்.

அவ்வாறாயினும், முப்பதின் தொடர்ச்சியாக ஒரே மூச்சில் சேவிக்கக் கேட்பவர் இவற்றையும் ஆண்டாள் பாசுரங்களாகவே கொள்கின்றனர். சில சிறு பதிப்புகளில் இடைவெளியோ ஆசிரியர் பெயரோ இன்றி அச்சிட்டிருப்பதும் இதற்குத் துணைசெய்கிறது. இவை திருப்பாவையைச் சார்ந்தவையல்ல என்பதற்கு அகச்சான்றுகள் தெளிவாக உள்ளன. முப்பது பாசுரங்களும் எட்டடிக் கொச்சகக் கலிப்பாவில் அமைந்தவை; இவையோ நான்கடி வெண்பா. முப்பதின் ஈற்றிலும் வரும் பாவை விளி இவற்றில் இல்லை. முப்பதாம் பாசுரத்திலேயே எண்ணும் கவியின் பெயரும் பலனும் சொல்லி முற்றியபின், மீண்டும் எண்ணையும் பலனையும் கூறுதல் மிகை. கோதையின் பெயர் படர்க்கையில் வருவதைச் சான்றாகக் காட்டுவாரும் உளர், அது செல்லாது. முப்பதாம் பாசுரத்தில் ஆண்டாளும் தன்னைப் படர்க்கையிலேயே பேசுகிறாள். செல்லாத சான்றை விலக்கியபின்னும் எஞ்சியவை போதும்.

இதில் ஊறு யாது எனின், கூறுவேன். மார்கழியில் புதிதாகக் கோஷ்டிக்கு வந்து பாசுரம் தெரியாமல் நிற்பவரிடம், 'முப்பதும் அறியாதவன் பூமிக்குப் பாரம் என்று ஆண்டாளே சொல்லிவிட்டாள்' என்று கடிந்துரைப்போரைக் காண்கிறோம். ஆண்டாள் அப்படிச் சொல்லவில்லை. அவள் திருப்பாவையில் எவரையும் விலக்கினாள் அல்லள். உறங்குபவளையும், எழுந்து வர மறுப்பவளையும், வாதம் செய்பவளையும் வாசல்தோறும் நின்று அழைத்துச் சென்றாள். நிறைவில் இம்முப்பதையும் சொல்பவர் பெறும் பேற்றைக் கூறினாளேயன்றி, சொல்லாதவர் இழவைக் கூறவில்லை.

அப்படியாயின் வேதப்பிரான் பட்டர் கடிந்துரைத்தாரோ எனின், அதுவும் இல்லை. நிந்தையாக வரும் வாக்கியம் நிந்திக்கப்படுவதை இகழ்வதற்காக அன்று, விதிக்கப்படுவதைப் புகழ்வதற்காகவே என்பது மீமாம்ஸகர்களின் நஹிநிந்தா ந்யாயம். இவ்வெண்பாவின் நோக்கு திருப்பாவையின் ஏற்றம். அறியாதவரின் தாழ்வு அங்கே கருத்தன்று. துதிநூல் ஆசிரியர் ஒருவரின் வாக்கு என்று அறிந்தவர் இந்த ந்யாயத்தைக் கொண்டு பொருள் காண்பார். மூலப் பாசுரம் என்று மயங்கியவர் அதனைப் பிராட்டியின் கட்டளையாகவே கொள்வார். ஆசிரியர் பெயர் தெரிவதால் பொருள் எவ்வாறு தெளிகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இதற்கு எதிர்நிற்கும் வாக்கு ஒன்று நம்மிடம் உண்டு. அது பரவியிருக்க வேண்டிய அளவு பரவவில்லை. பெரியவாச்சான் பிள்ளை திருப்பாவை வ்யாக்யானத்தின் முடிவிடத்தில் பராசர பட்டர் வார்த்தையாக அதனைக் காட்டியருளுகிறார். விடியற்காலையில் எழுந்து முப்பதையும் அநுஸந்திப்பது; அது இயலாதாகில் 29ஆம் பாசுரம் ஒன்றையாவது அநுஸந்திப்பது; அதுவும் இயலாதாகில் நாம் இருந்து அநுபவித்த இருப்பை நினைத்துக்கொள்வது என்பது அவ்வார்த்தையின் கருத்து. கன்றை இழந்த பசு தோற்கன்றைக் கண்டும் இரங்கிப் பால் சுரக்குமாப்போலே, ஆண்டாளின் சொல்லைக் கொண்டு புகுகிற நமக்கும் அப்பலன் கிட்டும் என்று அவரே மற்றோரிடத்தில் அருளினார். முப்பதும் வாராதவனுக்கும், ஒன்றும் வாராதவனுக்கும் வழி திறந்து வைத்தார் பட்டர். நம் வழக்கில் அடைமொழியின்றிப் 'பட்டர்' என்றால் பராசர பட்டரே. இரு பட்டர்களின் இரு வாக்குகளில், துதியின் பொருட்டுக் கடுமை தோன்றச் சொன்னது ஆண்டாள் பெயரில் ஊரெங்கும் உலவுகிறது. கருணையே வடிவானது ஏட்டில் இருக்கிறது. இது முறையோ என்று ஸஹ்ருதயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

'பக்தியோடு சொன்னால் போதாதா? யார் சொன்னால் என்ன?' என்பர் சிலர். அவர்களுக்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுகிறேன். 2018 ஜனவரியில் இராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றி நிகழ்ந்த ஓர் உரையில், அவள் பிறப்பைக் குறித்த ஒரு மேற்கோள் எடுத்தாளப்பட்டது. அது அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் வெளியீடு என்று கூறப்பட்டது. அக்கட்டுரை இடம்பெற்ற தொகுதியோ 1978இல் சிம்லாவிலுள்ள இந்திய உயராய்வு நிறுவனம் வெளியிட்டது. இவ்வூரும் நாடும் மிகவும் வருந்திய அந்நாளில் நாம் கேட்ட முதற்கேள்வி, 'எந்த நூல், யார் எழுதியது, எங்கே உள்ளது?' என்பதே. அது தக்க கேள்வி. ஆனால் பிறரை அளக்க எடுத்த கோலை நமக்கு வைக்க மறுத்தல் அறமாகாது. ஆண்டாள் மீது பிறர் ஏற்றியதை மறுக்கும் உரிமை, அவள் சொல்லாததை நாமும் அவள் மீது ஏற்றாதிருக்கும்போதே நிலைபெறும்.

நம் பூர்வர்கள் இதில் எவ்வளவு விழிப்பாக இருந்தனர் என்பதற்குத் திருமலையாண்டான் வரலாறே போதும். எம்பெருமானார் திருவாய்மொழிக்கு வேறு பொருள் கூறியபோது, தாம் ஆளவந்தாரிடம் கேளாத பொருள் என்ற காரணத்தால் அதனை விச்வாமித்ர ஸ்ருஷ்டி என்று கூறிக் காலக்ஷேபத்தையே நிறுத்தினார் ஆண்டான். அப்பொருளைத் தாம் ஆளவந்தாரிடம் கேட்டதுண்டு என்று திருக்கோட்டியூர் நம்பி வந்து கூறியபின்னரே அது மீண்டும் தொடங்கிற்று. பொருள் அழகியதா என்பதில் அங்கே வழக்கில்லை. யாரிடம் கேட்டது என்பதிலேயே வழக்கு. ஈட்டில் ஒவ்வொரு நிர்வாஹமும் அதனைச் சொன்ன ஆசாரியரின் பெயரோடு வருவதும் இந்நெறி பற்றியே. பெயர் சொல்லுதல் நம்மவர்க்கு ஆராய்ச்சி மட்டும் அன்று, க்ருதஜ்ஞதையும் ஆம்.

இவ்வெண்பாக்களைக் கோஷ்டியிலிருந்து நீக்கவேண்டும் என்பது என் கருத்தன்று. நெடுநாள் ஆசாரத்தால் வந்தவை. ஊரின் பெருமையையும் பிரபந்தத்தின் பெருமையையும் காப்பவை. அவை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பதிப்பிப்போர் முப்பதாம் பாசுரத்தின் பின் இடைவெளி விட்டு, வேதப்பிரான் பட்டர் திருநாமத்தைத் தலைப்பில் இடுக. சிறுவர்க்குச் சந்தை சொல்லிவைப்போர் பாசுரத்தோடு அருளிச்செய்தவர் பெயரையும் சொல்லிவைக்க. மேடையில் பேசுவோர் மூலம், தனியன், வாழித்திருநாமம், வ்யாக்யானம், ஐதிஹ்யம் என்னும் ஐந்தையும் பிரித்துச் சொல்க. கோஷ்டியில் பாசுரம் வாராமல் நிற்பவர் ஒருவர் இருந்தால், அவருக்குப் பராசர பட்டரின் வார்த்தையை எடுத்துச் சொல்க. அவர் மறுநாளும் வருவார்.

ஆண்டாளுக்கு ஏற்றம் சேர்க்கப் பிறர் வாக்கு வேண்டுவதில்லை. அவளைப் போற்றியவர்களின் பெயரை மறைப்பது அவளுக்கும் உகப்பாகாது. பாகவதர்களை முன்னிட்டே எம்பெருமானிடம் சென்றவள் அவள். குற்றம் உளதாயின் பெரியோர் பொறுத்துத் திருத்திக்கொள்வார்களாக.