நட்சத்திரத்தின் இடுப்பும் நம் வீட்டுத் தராசும்

நம் பகுதிப் பட்டாசுப் பெட்டிகளின் லேபிள்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உள்ளே இருப்பது சங்குசக்கரமோ புஸ்வாணமோ, மேலே சிரிப்பது பெரும்பாலும் ஒரு சினிமா முகமாகத்தான் இருக்கும். லேபிளையும் காலண்டரையும் அச்சிடுவது சிவகாசி. அங்கே ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் நண்பர் என்னிடம், "இடுப்பில் இரண்டு மில்லிமீட்டர் குறைக்க எனக்கு அரை நிமிடம் போதும், சார்" என்றார். முன்பு தூரிகையால் செய்ததை இப்போது கம்ப்யூட்டரில் செய்கிறார்கள், அவ்வளவே.

அந்த அரை நிமிட வேலையைத் தன் உடம்பிலேயே செய்து முடிக்க நினைத்த மாணவி ஒருத்தி, சென்ற பருவத்தில் என் ஆய்வுக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். கூட்டு ஊசலின் அலைவுகளை எண்ணிக் கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். பதினொரு நாளாகக் காலையில் எலுமிச்சைச் சாறு, மதியம் வெள்ளரிக்காய், இரவில் ஒன்றுமில்லை என்று இருந்திருக்கிறாள். அவளுடைய கைப்பேசியின் முகப்பில் ஒரு நடிகையின் படம் இருந்தது. "பார்க்கப் பார்க்க ஊக்கமாக இருக்கும் சார்" என்றாள்.

இந்த 'ஊக்கம்' என்ற சொல்லைச் சோதித்துப் பார்க்கவே, 2015-இல் வெளிவந்த 'இஞ்சி இடுப்பழகி' படத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தேன். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பருமனான ஒரு பெண்ணுக்கு அவளுடைய தாய் மாப்பிள்ளை தேடி அலைகிறாள். குறுகிய காலத்தில் மெலிய வைப்பதாக விளம்பரம் செய்யும் ஒரு நிலையம் குறுக்கே வருகிறது. அதனால் ஒரு தோழியின் உடல்நலம் கெடுகிறது. கதாநாயகி அந்த நிலையத்தை எதிர்த்துக் கிளம்புகிறாள். விளம்பரத்தை நம்பி உடம்பைப் பணயம் வைக்காதே என்று நம் சினிமா இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அபூர்வம். அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பிரசாரம் சூடு பிடிப்பது எப்படி? நாகார்ஜுனா, ஜீவா, தமன்னா என்று நட்சத்திரங்கள் வரிசையாகத் திரையில் தோன்றி ஆதரவு தெரிவிக்கிறார்கள். புகழைக் காட்டி உடம்பை விற்காதே என்று சொல்வதற்கும் புகழையே துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது! படத்தின் பலவீனம் இதுதான் என்பது என் கருத்து. திரைக்கு வெளியே நடந்தது இன்னும் வேடிக்கை. அனுஷ்கா இந்த வேடத்துக்காகவே ஏறத்தாழ 20 கிலோ எடை கூட்டினார் என்று அப்போது செய்திகள் வந்தன. படம் ஓடி முடிந்ததும், அந்த எடையை அவர் எப்படிக் குறைக்கப் போகிறார் என்பதே அடுத்த செய்தியாயிற்று. படம் சொன்ன விஷயத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

ஆண்களும் இதற்கு விலக்கல்ல. 'சேது' (1999) படத்துக்காக விக்ரம் ஏறத்தாழ 20 கிலோ இளைத்தார் என்பதை உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் இன்றும் சொல்லிக் கொள்கிறார்கள். சரி, கணக்குப் போடுவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கிலோ கலோரி ஆற்றல் அடங்கியிருக்கிறது. 20 கிலோவுக்கு 1,54,000. இதை 3 மாதத்தில் கரைக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 1,700 கிலோ கலோரி துண்டு விழ வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதே 2,110 என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பட்டியல் கூறுகிறது. மிச்சம் 400 சொச்சம். அதாவது ஒரு நாள் முழுவதற்கும் ஆறு இட்லி, அதுவும் சட்னி இல்லாமல்! அப்படியே இருந்தாலும் கரைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும் சேர்ந்தே கரையும். நடிகருக்கு இது தொழில். சமையல்காரரும் பயிற்சியாளரும் கூடவே இருப்பார்கள், கூலியும் உண்டு. நம் பையனுக்கு மறுநாள் காலை 8 மணிக்கு ஷிப்ட்.

"சாப்பிட்டுவிட்டு ஓடிக் கரைத்துவிடலாமே" என்பீர்கள். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். 60 கிலோ மனிதர் ஒருவர் அதன் உச்சிக்கு ஏறும்போது புவியீர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலை ஏறத்தாழ 49,000 ஜூல், அதாவது 12 கிலோ கலோரிக்குச் சற்றுக் குறைவு. தசைகளின் திறன் 25 சதவீதம் என்று கொண்டால் செலவாவது 47. சாத்தூர் காராச்சேவு 50 கிராம் வாங்கிக் கொறித்தால் வரவு சுமார் 250. ஐந்து முறை மலை ஏற வேண்டும். நடப்பதால் இருதயத்துக்கும் மூட்டுகளுக்கும் கிடைக்கும் நன்மை வேறு கணக்கு. நடப்பதை யாரும் விட்டுவிட வேண்டாம்.

பட்டினி கிடந்த முதல் வாரத்தில் தராசு முள் மளமளவென்று இறங்குவதைக் கண்டு ஏமாறக் கூடாது. உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது செலவாகும்போது நீரும் வெளியேறுகிறது. '10 நாளில் 4 கிலோ' விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தத் தண்ணீரைத்தான் விற்கின்றன.

பிறகு என்ன ஆகும்? அமெரிக்காவில் எடை குறைப்புப் போட்டி ஒன்றைத் தொலைக்காட்சியில் நடத்தினார்கள். அதில் கலந்து கொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு பரிசோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அதைவிட முக்கியமானது, ஓய்வில் இருக்கும்போது அவர்கள் உடல் செலவிடும் ஆற்றல், எதிர்பார்க்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி குறைந்து கிடந்தது. வறட்சியைக் கண்ட சம்சாரி போல உடல் சிக்கனத்தைக் கற்றுக் கொண்டுவிடுகிறது.

புகழ் பெற்றவர்களுக்கும் இதே விதிதான். 1988-இல் ஓப்ரா வின்ஃப்ரே தான் குறைத்த 30 கிலோவுக்குச் சமமான கொழுப்பைத் தள்ளுவண்டியில் வைத்து மேடைக்கு இழுத்து வந்தார். திரவ உணவாலேயே இளைத்திருந்தார். எடை திரும்பி வந்தது. 2015-இல் எடை குறைப்பு நிறுவனம் ஒன்றில் 10 சதவீதப் பங்கு வாங்கினார். 2023 டிசம்பரில், எடைக்காக மருந்து எடுத்துக் கொள்வதாக அவரே ஒப்புக் கொண்டார். ஒப்புக் கொண்ட நேர்மைக்கு என் வணக்கம். இடைப்பட்ட ஆண்டுகளில் அவரைப் பார்த்து 'எனக்கு மன உறுதி போதாது' என்று நொந்து கொண்ட பெண்கள் எத்தனை பேரோ!

முன்மாதிரியே கூடாது என்பது என் வாதமல்ல. பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ 1904-05-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் நம் சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக் கொண்டதை எண்ணிப் பாருங்கள். (சாண்டோவும் புத்தகம், உடற்பயிற்சிக் கருவி விற்றவர்தான்.) ஆனால் எந்த முன்மாதிரி பயன்படும்? லாக்வுட், குண்டா என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1997-இல் கனடாவில் செய்த ஆய்வில், ஒரு சிறந்த மாணவரின் வெற்றிக் கதையைக் கல்லூரி மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். 'நமக்கும் காலம் இருக்கிறது, எட்டிவிடலாம்' என்று எண்ண முடிந்த முதலாண்டு மாணவர்களுக்கு ஊக்கம் பிறந்தது. காலம் கடந்துவிட்ட இறுதியாண்டு மாணவர்களுக்கு அது பிறக்கவில்லை. எட்ட முடிந்தால்தான் ஏணி. லேபிளில் இருக்கும் இடுப்பு அச்சகத்து நண்பரால் மட்டுமே எட்டக் கூடியது.

தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையுள்ளவர்கள் என்றும், 53.4 சதவீதம் பேருக்கு இரத்த சோகை என்றும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு ஒரே அறிக்கையில் சொல்கிறது. பருமனாகத் தெரிகிற பெண்ணின் இரத்தத்திலும் இரும்பு குறைந்திருக்கலாம். என் மாணவிக்கு இருந்ததும் அதுவே. பரிசோதித்த டாக்டர், எடையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீட்டில் முருங்கைக்கீரையும் கேழ்வரகும் ஆரம்பித்திருக்கிறார்கள். அவளுடைய அத்தை ஒருத்தி இரண்டு ஆண்டுகளில் ஆறு கிலோ குறைத்தவளாம்; மாலையில் அவளோடு கண்மாய்க் கரை வரை நடக்கிறாளாம். கைப்பேசியில் நடிகையின் படம் இன்னும் இருக்கிறது. நானும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கூட்டு ஊசல் பரிசோதனை பாதியில் நிற்கிறது. அடுத்த வியாழக்கிழமை வந்து முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.