பெருமூச்சும் திக்ரும்: தயா சோமசுந்தரத்தின் உளநல முறை பற்றி ஒரு பார்வை

போர்க்கால யாழ்ப்பாணத்தில் உளநோய் வைத்தியராகவும் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் பணியாற்றியவர் தயா சோமசுந்தரம். 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வரில் ஒருவர். அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' (1998), 'ஸ்கார்ட் கொம்யூனிட்டீஸ்' (2014) ஆகிய நூல்கள் போரால் வடுப்பட்ட மனங்களையும் சமூகங்களையும் பற்றியவை. வடக்கு முஸ்லிம்களாகிய எமக்கு அவற்றோடு ஒரு வழக்கு உண்டு. அது பகை வழக்கல்ல.

அவர் கண்டறிந்தவற்றுள் முக்கியமானது, எமது சனங்களின் துக்கம் உடம்பு வழியாகவே வாய் திறக்கிறது என்பது. 'எனக்குக் கவலை' என்று சொல்லிக்கொண்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. நெஞ்சு இறுக்கம், தலை விறைப்பு, கைகால் உளைவு என்றுதான் போகிறார்கள். வாய்க்கு வாய் வருகிற 'பெருமூச்சு' என்ற சாதாரணச் சொல்லை அவர் ஒரு நோய்க்குறியாகவே எடுத்துக்கொண்டார். 1994இல் அவரும் சிவயோகனும் பிரித்தானிய உளமருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு 98 பேரைப் பற்றியது. அவர்களுள் 64 சதவீதமானோரிடம் போரின் உளப் பாதிப்பு இருந்தது. அதில் ஆகக் கூடுதலாகக் காணப்பட்டது, மனத்துயர் உடல் உபாதையாக வெளிப்படும் நிலை: 41 சதவீதம்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதினமல்ல. தொல்காப்பியர் உள்ளத்து உணர்ச்சிக்கு இட்ட பெயரே 'மெய்ப்பாடு'. மெய்யில் படுவதால்தான் அந்தப் பெயர். சங்கத் தலைவியின் பிரிவுத் துயரை அவள் நெற்றிப் பசலையும் கழன்று விழும் வளையுமே சொல்லும். எமது மரபிலும் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ உடலின் நலத்தையும் ஆன்மாவின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக எழுதினார். ஒன்று நோயுற்றால் மற்றதும் நோகும் என்பது அவர் கருத்து.

நோய் உடம்பில் பேசுவதால் மருந்தும் உடம்பிலிருந்தே தொடங்கலாம் என்றார் சோமசுந்தரம். மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்தும் சாந்தி ஆசனம், சொற்களைத் திரும்பத் திரும்ப உச்சரித்தல், தியானம் என்று ஒரு வரிசை அமைத்தார். உச்சரித்தல் என்ற இடத்தில் சைவருக்கு ஜெபம், கத்தோலிக்கருக்கு செபமாலை, முஸ்லிம்களுக்கு திக்ர். இந்த முறையின் பெறுமதியை அந்தக் காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நடந்ததை வாய் திறந்து சொல்லப் பயந்திருந்த நேரத்தில், ஒன்றையும் சொல்லாமலே ஒரு மனிதர் கொஞ்சம் ஆறுதல் அடைய இது வழி விட்டது. மேற்கிலிருந்து இறக்கிய முறையை அப்படியே திணிக்காமல், அவரவர் வீட்டில் ஏற்கனவே இருந்ததை எடுத்துக் கொடுத்தது.

குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவில் இறங்குபவருக்கு இந்த வரிசை உடனே விளங்கும். அந்தச் சின்னத் தீவில் நாகபூசணி அம்மன் கோயிலும் இருக்கிறது, நாகதீப விகாரையும் இருக்கிறது, எங்கட பள்ளிவாசலும் இருக்கிறது. எல்லா இடத்திலும் மனிதர் ஏதோ ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எனது வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. வெளியில் இருந்து கேட்பவருக்கு மூன்றும் 'திரும்பச் சொல்லுதல்'. சொல்பவருக்கு அப்படியல்ல. திக்ர் என்ற சொல்லுக்கு 'நினைவுகூர்தல்' என்றே பொருள். படபடப்புக் குறைவது அதன் பலனாக இருக்கலாம், நோக்கம் அதுவல்ல. 'பத்து நிமிசம் ஸுப்ஹானல்லாஹ் சொல்லுங்கோ, நெஞ்சு இலேசாகும்' என்று ஓர் உளவளத்துணையாளர் சொல்லும்போது நிய்யத் இடம் மாறிவிடுகிறது.

இதைச் சொல்கிற அதே வாயால் எமது தவறையும் சொல்ல வேண்டும். ஈமான் உள்ளவனுக்கு மனநோய் வராது, வந்தால் அது ஈமானின் குறை என்று பேசுகிறவர்கள் எம்மில் இருக்கிறார்கள். அவர்கள் சூரா யூஸுஃபை மறுபடி ஓதிப் பார்க்கட்டும். மகனைப் பிரிந்த துக்கத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. ஒரு நபியின் துயரமே மெய்ப்பாடாக வெளிப்பட்டதை அல்லாஹ் எடுத்துச் சொல்கிறான்.

என் சாச்சியின் கதையையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் முடிவில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகள் வெளியேற்றிய ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் அவவும் ஒருத்தி. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கிய சீவியம். "நெஞ்சில கல்லு வச்ச மாதிரி" என்று சொல்லுவா. ஈசிஜி எடுத்தால் ஒன்றுமில்லை. கையிலிருந்த தஸ்பீஹ் மட்டும் ஒருநாளும் ஓயவில்லை. யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணம் கூட்டிவந்தோம். வீடு இருந்த இடத்தில் பற்றைதான் இருந்தது. பக்கத்து வளவுத் தமிழ் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து, "இவ்வளவு நாளும் எங்க இருந்தனீங்கள்?" என்று அழுதா. சாச்சியும் அழுதா. இருபது வருசத்தில் அவ அழுததை நான் கண்டது அன்றுதான். கல்லு முழுக்க இறங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகுதான் நடந்ததைப் பற்றி வாய் திறந்தா.

அந்த இருபது வருசமும் அவ உடைந்து போகாமல் காத்தது தஸ்பீஹ். ஆனால் பக்கத்து வளவுக்காரியின் கை செய்ததை தஸ்பீஹ் செய்யவில்லை. நபி யஃகூபும் தன் கவலையை அல்லாஹ்விடமே முறையிட்டார், அழகிய பொறுமையைக் கைக்கொண்டார். அந்தப் பொறுமை அவரைத் தாங்கியது. பார்வை திரும்பியதோ யூஸுஃபின் சட்டை முகத்தில் பட்டபோதுதான். இழந்தது திரும்பி வருகிறது என்ற சேதியோடுதான் உடம்பு தேறியது.

விந்தை என்னவென்றால், இதை எமக்குச் சொல்லித்தந்ததே சோமசுந்தரம்தான். போர் தனி ஆளை மட்டும் காயப்படுத்துவதில்லை. குடும்பத்தையும் ஊரையும், ஒருவரை ஒருவர் நம்புகிற பழக்கத்தையும் காயப்படுத்துகிறது என்பதுதான் அவருடைய பிந்திய எழுத்துகளின் அடிப்படை. கூட்டு உளவடு என்று அதைச் சொல்கிறார். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் 20க்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவாருக்கோ கடலைக் கடக்கப் படகை விட்டால் வேறு வழியில்லை. திரும்பவும் படகேறுகிற தாய்க்கு மூச்சுப் பயிற்சி அந்தப் பயணத்துக்கு உதவும். நீதியும் ஊர் கூடி நினைவுகூர்வதும் இல்லாமல் அந்த ஊரின் பெருமூச்சு ஆறாது. காயம் ஊருடையது என்று சொன்னவர், மருந்துப் பட்டியலில் திக்ரைத் தனி மனிதரின் தளர்வுப் பயிற்சிகளுக்குள் வைத்துவிட்டார். அவரது நோயறிவு அகலமானது. பட்டியலின் அந்த ஒரு வரி மட்டும் ஒடுக்கமானது.

அந்த வரியை அகலமாக்க வேண்டியவர் அவரல்ல, நாங்கள். எமது ஆலிம்கள் உளவளத்துணையின் அடிப்படைகளைப் படிக்க வேண்டும். ஓதிப் பார்ப்பதோடு நிற்காமல், கடும் உளநோய் உள்ளவரை வைத்தியரிடம் அனுப்பும் தெளிவு ஜும்ஆ மேடையிலிருந்து வர வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் எமது நபி (ஸல்) அவர்கள். திரும்பி வந்த குடும்பங்களும் அயல் தமிழ்க் குடும்பங்களும் ஒன்றாக இருந்து 1990ஐப் பேச ஓர் இடம் வேண்டும்.

மூச்சை ஒழுங்காக்க அவர் வழி காட்டினார். பெருமூச்சின் காரணத்தைக் கேட்க அயலவர் வர வேண்டும், நாங்களும் அவர்களிடம் போக வேண்டும்.