ஆன்டிவைரஸ் மார்க் ஷீட்

முகத்துவாரக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி போன மாதம் வாட்ஸப்பில் மூணு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். மூணுமே 'டாப் 10 ஆன்டிவைரஸ்' வகை அட்டவணைகள். மூணிலும் முதல் இடத்தில் வேற வேற பெயர். "அண்ணே, இதுல எதை வாங்குறது? கடைக்காரர் நாலாவதா ஒண்ணு சொல்றாரு" என்று கேட்டிருந்தான்.

அவன் காப்பாற்ற நினைக்கிற சமாச்சாரம் சின்னது இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்து கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் முழுக்கப் படிந்ததே, அப்போது அவன் எடுத்த படங்கள் இருக்கின்றன. தார் பூசின மாதிரி வலைகள், படகுகள், அலையாத்தி வேர்கள். கூடவே வீடு வீடாகப் போய் எழுதிய சேதப் பட்டியல். எல்லாம் ஒரே ஒரு பழைய டெஸ்க்டாப்பில். அதே கணினியில்தான் அவன் பேனர் டிசைன் செய்து சம்பாதிக்கிறான்.

ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளில் அட்டவணைகளைப் பற்றித் தோண்டியதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் இந்த 'டாப் 10' தளங்கள். பெரும்பாலானவை கமிஷனில் ஓடுபவை. நீங்க க்ளிக் செய்து வாங்கினால் அவர்களுக்குப் பங்கு. அது கூடப் பரவாயில்லை, பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் சொல்லிவிடுகிறார்கள். கேப் டெக்னாலஜீஸ் கதைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2018-இல் இன்டெகோ என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தை வாங்கினார்கள். 2021-இல் விபிஎன் மென்டார், விஸ்கேஸ் என்ற விமர்சனத் தளங்களை நடத்துகிற வெப்செலனீஸையும் வாங்கினார்கள். பரீட்சை எழுதுகிறவரின் அப்பாவே பேப்பர் திருத்துகிற மாதிரி.

இவற்றை ஒதுக்கினால், உண்மையான சோதனைக் கூடங்கள் என்று மூன்று பெயர்கள் நிற்கும். ஜெர்மனியில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கில் ஏவி-கம்பேரடிவ்ஸ், இங்கிலாந்தில் வைரஸ் புல்லட்டின். இவர்கள் வேலையை மதிக்கிறேன். அந்த எண்களை நாம் படிக்கிற விதம்தான் தப்பு.

ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்று பாடத்துக்கும் ஆறு ஆறு மார்க் போடுகிறது. மொத்தம் 18. 17.5 எடுத்தாலே 'டாப் ப்ராடக்ட்' பட்டம். இப்போதெல்லாம் ஏறக்குறைய எல்லோருமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறார்கள். வகுப்பே சென்டம் வாங்கினால் அந்த மார்க் ஷீட்டை வைத்து யாரைத் தேர்ந்தெடுப்பது? ஏவி-கம்பேரடிவ்ஸின் நிஜ உலகச் சோதனையில் மாதிரிகள் சில நூறு. 400 மாதிரி என்று வைத்துக்கொண்டால் ஒன்றைத் தவறவிட்டவர் 99.75, இரண்டைத் தவறவிட்டவர் 99.5. கடைக்காரர் இந்தக் கால் சதவீதத்தைக் காட்டித்தான் 'இதுதான் சார் பெஸ்ட்' என்கிறார். அந்த நிறுவனமே தன் அறிக்கையில் நெருக்கமான எண்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத்தான் விருது கொடுக்கிறது. அட்டவணையை நகல் எடுத்துப் போடுகிறவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, சோதனைக்குப் போகிற பொருளும் நம் கைக்கு வருகிற பொருளும் ஒன்றுதானா? 2015-இல் மூன்று கூடங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. சீன நிறுவனமான சீஹூ 360 சோதனைக்கு அனுப்பிய பதிப்பில் பிட்டிஃபெண்டரின் இயந்திரம் ஓடியது. சந்தையில் மக்கள் கையில் இருந்த பதிப்பில் அது அணைந்தே கிடந்தது. மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எல்லா நிறுவனமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். மார்க்குக்காகவே தயாராகும் மாணவனை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

அட்டவணையில் இல்லாத பாடம் ஒன்று உண்டு: அந்த மென்பொருளையே நம்பலாமா? ஆன்டிவைரஸ் என்பது கணினியில் எல்லாக் கோப்பையும் திறந்து பார்க்கிற, மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுகிற நிரல். 2016-இல் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோவில் டேவிஸ் ஓர்மண்டி, சைமன்டெக் பொருட்களில் கண்டுபிடித்த ஓட்டைகளில் ஒன்று எப்படி என்றால், ஒரு கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலே போதும். நீங்க அதைத் திறக்கவே வேண்டாம். ஸ்கேன் செய்கிறேன் என்று ஆன்டிவைரஸே திறந்து மாட்டிக்கொள்ளும். அவாஸ்ட் கதை வேறு வகை. தன் பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற தகவலை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றார்கள். 2020 ஜனவரியில் அம்பலமானது, ஜம்ப்ஷாட்டை மூடினார்கள். 2024-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. 2024 ஜூலையில் க்ரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு பழுதான அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அதுதான். அது கம்பெனிகளுக்கான பொருள், வீட்டுக்கு வராது. ஆனால் அதிகாரம் எவ்வளவு ஆழம் என்பதற்கு அதைவிடப் பாடம் இல்லை.

அப்போ எதைத்தான் போடுவது? விண்டோஸ் 8 காலத்திலிருந்தே டிஃபென்டர் கூடவே வருகிறது. இதே கூடங்களில் அதுவும் பலமுறை முழு மார்க் வாங்கியிருக்கிறது. காசு கொடுத்து இன்னொன்றைப் போட்டால் டிஃபென்டர் ஒதுங்கிக்கொள்ளும். அதோடு, குறிப்பிட்ட ஃபோல்டர்களில் முன்பின் தெரியாத நிரல் கை வைக்க முடியாமல் தடுக்கிற 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' வசதியும் போய்விடும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற ரேன்சம்வேருக்கு எதிராக வந்த வசதி அது. தானாக ஓடாது, நாமே செட்டிங்ஸில் போய் ஆன் செய்யணும்.

டிஃபென்டருக்கு ஒரு நிஜமான பலவீனம் உண்டு. நெட் இல்லாதபோது அதன் பிடி கணிசமாகத் தளர்கிறது, ஏவி-கம்பேரடிவ்ஸ் எண்களிலேயே தெரியும். ப்ரவுசிங் சென்டர் பென் டிரைவை நெட் இல்லாத கணினியில் செருகுகிற வீட்டுக்கு, ஆஃப்லைனில் நன்றாகப் பிடிக்கிற கட்டணப் பொருள் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அந்த வரிசையில் நம் சென்னையிலேயே கேசவர்தனன் தொடங்கிய கே7-ஐயும் பார்க்கலாம். ஜப்பானில் இவர்கள் இயந்திரத்தை வைத்துத்தான் சோர்ஸ்நெக்ஸ்ட் 'வைரஸ் செக்யூரிட்டி ஜீரோ' விற்றது, வருடா வருடம் புதுப்பிக்கும் கட்டணமே இல்லாமல். உள்ளூர்ப் பாசத்தில் இதைச் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம்.

தம்பிக்கு நெட் இருக்கிறது. போய்ப் பார்த்தபோது தெரிந்தது, பிரச்சினை வேறு இரண்டு இடத்தில்.

ஒன்று, விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதன் ஆதரவு முடிந்தது. அவனுடைய பழைய ப்ராசஸரில் விண்டோஸ் 11 ஏறாது. டிஃபென்டருக்கான வைரஸ் பட்டியல் மட்டும் 2028 வரை வரும் என்கிறது மைக்ரோசாஃப்ட். அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. வான்னாக்ரை எப்படிப் பரவியது? அது நுழைந்த ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே ஒட்டு வந்துவிட்டது. மே 12-இல் சிக்கியவை அதைப் போடாத கணினிகள், பெரும்பாலும் விண்டோஸ் 7. ஆந்திரக் காவல்துறைக் கணினிகள் சிலவும் அதில் உண்டு. கூடுதல் ஒட்டுகளுக்கு 2026 அக்டோபர் வரை பதிவு செய்துகொள்ள வழி இருக்கிறது, அதை அங்கேயே செய்தோம். அதற்கப்புறம் லினக்ஸ்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். முகம் வாடிப்போச்சு.

இரண்டாவது, கிராக் போட்ட போட்டோஷாப். அதனோடு வந்த குறிப்பின் முதல் வரியே 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்'. அவனும் கடமையாக அணைத்திருந்தான், திரும்பப் போடவே இல்லை. ஸ்டாப் அல்லது டிஜாவூ என்கிற ரேன்சம்வேர் குடும்பம் வீட்டுக் கணினிகளுக்குள் முக்கியமாக இந்தக் கிராக் வழியாகத்தான் வருகிறது. 18-க்கு 18 வாங்கிய பொருளாக இருந்தாலும் அணைத்துவைத்தால் பூஜ்யம்தான். இந்த நிலைமையை எந்த அட்டவணையும் சோதிப்பதில்லை.

அந்தப் படங்களுக்கு வைரஸ் மட்டும்தான் எதிரியா? உப்புக் காற்றில் மதர்போர்டு அரிக்கிற ஊர் அது. மழை என்றால் தண்ணீர் வாசலில் நிற்கும். 2017 ஜூனில் நாட்பெட்யா தாக்கியபோது மும்பை ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்திய கன்டெய்னர் முனையம் நின்றுபோனது. கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவிலே வாழ்கிற எண்ணூர்க்காரர்களுக்கு அது என்ன அர்த்தம் என்று தெரியும். மேர்ஸ்க் 45,000 கணினிகளை மறுபடி நிறுவ வேண்டியதாயிற்று. அவர்களுடைய நெட்வொர்க்கின் மூலப் பட்டியலை வைத்திருந்த சர்வர்கள் உலகம் முழுக்க அழிந்துபோக, கானாவில் ஒன்றே ஒன்று பிழைத்தது. காரணம், அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. தொடர்பு அறுந்து தனியாக இருந்த பிரதி என்பதால்தான் மிஞ்சியது.

இதைச் சொன்னதும் தம்பி சிரித்தான். "நம்ம ஊர் கரண்ட் கட்டும் ஒரு ஆன்டிவைரஸ்தான், என்ன அண்ணே?"

ஆன்டிவைரஸுக்கு வைத்திருந்த காசோடு மேலே கொஞ்சம் போட்டு வெளியே செருகுகிற ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினோம். எண்ணெய்ப் படங்கள், பட்டியல், குடும்பப் படங்கள் எல்லாம் ஏற்றி, கழற்றி, பொன்னேரியில் அவன் சித்தி வீட்டு பீரோவில் வைத்தாச்சு. மாதம் ஒரு தடவை கொண்டுவந்து புதுசை ஏற்றணும். டிஃபென்டர் ஆன், ஃபோல்டர் பூட்டும் ஆன், தினசரி வேலைக்கு அட்மின் இல்லாத கணக்கு. போட்டோஷாப்பை மட்டும் இன்னும் நீக்கவில்லை. கோவில் திருவிழா பேனர் ஆர்டர் கையில் இருக்கிறதாம்.