இடுப்பில் இருக்கும் கை

கராத்தே வகுப்பை வெளியே நின்று பார்க்கும் யாருக்கும் ஒரு சந்தேகம் வரும். ஒரு கை குத்துகிறது, சரி. இன்னொரு கை ஏன் இடுப்புக்குப் போகிறது? முகம் திறந்து கிடக்கிறதே! குத்துச்சண்டை மேடையில் இப்படி நின்றால் முதல் சுற்றிலேயே விழவேண்டியதுதான். 'அப்பதான் குத்துல பவர் வரும்' என்பது வகுப்புகளில் கிடைக்கும் வழக்கமான பதில். எனக்கு அது போதவில்லை.

அந்தக் கையின் ஜப்பானியப் பெயர் ஹிகிதே. இழுக்கும் கை என்று பொருள். எதிராளியின் மணிக்கட்டையோ சட்டையையோ பிடித்து இழுத்து, அவன் தடுமாறும்போது மறு கையால் அடிப்பது. இப்படி வாசித்தால் அந்தக் கைக்கு ஒரு வேலை கிடைக்கிறது. சண்டையின் தூரமும் மாறிவிடுகிறது. இது எட்ட நின்று ஆடும் ஆட்டமில்லை, சட்டையைப் பிடிக்கும் நெருக்கம்.

'உகே' என்ற சொல்லுக்கும் இதே கதிதான். அதன் வேர்ச்சொல்லுக்கு 'ஏற்றுக்கொள்ளுதல்' என்று பொருள். நாமோ ஆங்கிலம் வழியாக 'பிளாக்' என்று கற்றுக்கொண்டோம். வருவதை ஏற்று, பிடித்து, திருப்புவது வெறும் தடுப்பாகச் சுருங்கிவிட்டது.

கட்டா என்னும் அசைவுத் தொடர், உரை தொலைந்த சூத்திரம் போன்றது. 1901 வாக்கில் அங்கோ இட்டோசு ஒக்கினாவாவின் பள்ளிக்கூடத்துக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தார். வரிசையில் நிற்கும் சிறுவர்களுக்கு மூட்டை முறிக்கவா சொல்லித்தர முடியும்? அசைவு உடற்பயிற்சியாக நின்றது, பொருள் பின்னுக்குப் போனது. ஆனால் அதே இட்டோசு 1908இல் எழுதிய பத்துக் குறிப்புகளில், ஒவ்வொரு உத்தியும் எந்தச் சூழலுக்கானது என்று அறிந்து பழகச் சொல்கிறார்.

பிரதிக்குள்ளேயும் தடயம் இருக்கிறது. ஷோட்டோகான் பள்ளியின் தொடக்கக் கட்டாவான ஹெய்யான் ஷோதானில் நான்காவது அசைவு, முன்கையை வெடுக்கென்று இழுத்து முஷ்டியால் மேலிருந்து அடிப்பது. பிடிபட்ட மணிக்கட்டை விடுவிப்பது என்றுதான் வழக்கமான விளக்கமே சொல்கிறது. நான்காவதில் பிடி உண்டு என்றால், முதல் மூன்றில் மட்டும் ஏன் எல்லோரும் எட்ட நின்று குத்தவேண்டும்?

இந்த வாசிப்புக்கு, அதாவது புன்காய்க்கு, ஓர் ஆபத்தும் உண்டு. ஒத்துழைக்கும் நண்பன் எதிரே நின்றால் எந்த விளக்கமும் வேலை செய்யும். இணையத்தில் கிடைக்கும் காணொளிகள் பலவற்றில் எதிராளி ஒரு குத்து விட்டுவிட்டுச் சிலையாக நிற்கிறார்; அதற்குள் ஆசிரியர் ஐந்து அடி அடித்துவிடுகிறார். இலக்கியத்தில் இதைத்தான் அதீத வாசிப்பு என்கிறோம். கராத்தேயில் ஒரு வசதி, பிரதி திருப்பி அடிக்கும். எதிராளி முரண்டு பிடிக்கும்போதும் நிற்கிற விளக்கமே விளக்கம்.

இது ரசனை விவகாரம் மட்டுமில்லை. நம் ஊர்ப் பள்ளிகளிலும் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்பு என்று சொல்லித்தான் கராத்தே கற்றுத்தரப்படுகிறது. காற்றில் ஆயிரம் தடவை குத்திய பிள்ளையின் கையை ஒருவன் உண்மையில் பிடிக்கும்போது, இடுப்புக்குப் போகும் கை எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் பெல்ட் மட்டும் கட்டிவிடுவது, அவளுக்கு இல்லாத தைரியத்தைக் கொடுத்து அனுப்புவது.