ஆன்-ரோடு விலை: ஒரு வாசிப்பு

கார் ஷோரூமில் தரப்படும் கொட்டேஷன் தாளும் ஒரு பனுவல்தான். தனக்கான வாசகர் யார் என்று அது முன்பே தீர்மானித்திருக்கிறது. சம்பாதித்து, கடன் வாங்கி, கையெழுத்துப் போடப்போகிறவள் பெண்ணாக இருந்தாலும், என்ஜின், மைலேஜ், தள்ளுபடி பற்றிய பேச்சு உடன் வந்த ஆணை நோக்கியே போகிறது. அவளிடம் கேட்கப்படுவது நிறம்.

விலை பேசுவது பெண்ணுக்குப் புதிதல்ல. அகநானூற்றில் உமணப் பெண் உப்புக்கு விலை கூறிக்கொண்டே ஊருக்குள் நடக்கிறாள். இன்றும் மீன், பாத்திரம், பட்டுப்புடவை எல்லாவற்றுக்கும் நாம்தான் பேரம் பேசுகிறோம். கீரைக்கார அம்மாவிடம் இரண்டு ரூபாய்க்குத் திறக்கும் வாய், கண்ணாடிச் சுவருக்குள் லட்சங்களின் முன் ஏன் மூடிக்கொள்கிறது? நம்மைவிட எளியவரிடம் பேசுவதையே நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அதிகாரத்திடம் விலை கேட்பது ஆணின் ‘விவரம்’ என்று ஒதுக்கப்பட்டுவிட்டது.

‘பெண்ணுக்குப் பேசத் தெரியாது’ என்ற விளக்கமும் நிற்காது. சிகாகோ வட்டாரக் கார் விற்பனையகங்களில் தான் நடத்திய ஆய்வை 1991இல் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் வெளியிட்டார். ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி பெற்றவர்களே அங்கு அனுப்பப்பட்டார்கள். இருந்தும் வெள்ளை ஆண்களைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. பேச்சு ஒன்றாக இருந்தும், பேசிய உடலைப் பார்த்து விலை மாறியது.

ஆகவே, தாளை வரிவரியாகப் பிரித்து வாசிக்க வேண்டும். எக்ஸ்-ஷோரூம் விலையில் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது; தள்ளுபடி கேட்க வேண்டிய இடம் அது. சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குப் போகின்றன, அவற்றில் பேரம் இல்லை. காப்பீடு பாதிப் பாதி. மூன்றாம் தரப்புக் காப்பீட்டுத் தொகையை அரசு நிர்ணயிக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு அதை 3 ஆண்டுகளுக்கு எடுப்பது கட்டாயம். ஆனால் எந்த நிறுவனத்திடம் எடுப்பது என்பது நம் விருப்பம். வாகனச் சேதத்துக்கான பகுதிக்கு வெளியே விலை விசாரிக்கலாம். மிஞ்சுபவை ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரீஸ் கிட், கோட்டிங், கூடுதல் வாரண்டி. சட்டம் கேட்பதையும் கடை கேட்பதையும் ஒரே பத்தியில் அடுக்கி, கீழே ஒரே கூட்டுத்தொகை போடுவதுதான் இப்பனுவலின் உத்தி. எதை மறுக்கலாம் என்பது அந்தக் கூட்டலில் மறைந்துவிடுகிறது.

‘மாசம் எவ்வளவு கட்ட முடியும் மேடம்?’ என்ற கேள்வி இன்னொரு உத்தி. 9 விழுக்காடு வட்டியில் 6 லட்சம் கடனுக்கு 5 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 12,455 ரூபாய். 7 ஆண்டு என்றால் 9,653. சிறிய எண் ஆறுதலாக இருக்கும். ஆனால் மொத்தத்தில் 63,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டுவோம். காரின் விலையை முடிவு செய்யும்வரை தவணைப் பேச்சுக்குள் நுழையாமல் இருப்பது நல்லது.

எதிரில் அமர்ந்திருப்பவரும் பல நேரம் ஓர் இளம்பெண்தான். மாத இலக்கும் ஊக்கத்தொகையும் அவர் கழுத்தைப் பிடிக்கின்றன. அவரிடம் குரலை உயர்த்துவதில் பெண்ணியம் எதுவும் இல்லை. ‘இந்த வரி எதற்கு? இது கட்டாயமா? எழுதித் தாருங்கள்’ என்று கேட்டால் போதும். அதே மாடலுக்கு இன்னொரு டீலரின் தாளையும் வாங்கி, வீட்டில் வைத்து இரண்டையும் ஒப்பிடலாம். ‘சலுகை இன்று மட்டும்தான்’ என்பார்கள். முன்பணம் கட்டும்வரை எழுந்து வரும் உரிமை நம்முடையது.

மரியாதை குறையுமோ என்ற தயக்கத்தில் நாம் கேட்காமல் விடும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் தாளில் ஒரு தொகை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது.