விளியும் விளம்பரமும்

விலை கூறுவார் குரல் தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. அகநானூற்றின் 140-ஆம் பாட்டில் உமணர் மகள் ஒருத்தி வளை ஒலிக்கக் கைவீசி நடந்து, நெல்லுக்கு ஒத்த அளவு உப்பு என்று சேரியில் கூவுகின்றாள். குரல் வேற்றுமை அறியும் மனைநாய் குரைக்கின்றது, அவள் அஞ்சுகின்றாள். அவ்வச்சத்தால் மருண்ட கண்ணழகைக் காட்டவே அம்மூவனார் நாயைக் கொணர்ந்தார் என்பது வெளிப்படை. ஆயினும், வாணிகக் குரல் பற்றிய உண்மையொன்றும் அங்கே புலனாகின்றது. விற்பார் குரல் அயற்குரல். மனை அதனை எளிதில் ஏற்பதன்று. இவ்விடையூற்றைக் கடத்தலே வானொலி விளம்பரத்தின் அடிப்படை என்பது எம் கருத்து.

பொருளின் பெயரைப் பன்முறை கூறுதலே விளம்பரக்கலை என்பாரும் உளர். அக்கூற்று நிரம்பாது. உப்பு விற்றவளும் பன்முறையே கூவியிருப்பாள், நாய் குரைத்தது.

பொருநைக் கரையில் இவ்விளம்பரம் முதலிற் பரவிய வழி கடல் கடந்ததாகும். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு 1950-இல் தொடங்கிற்று. 1952-இல் கேஸ்கர் அமைச்சராகிய பின்னர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் அருகவே, நேயர்கள் கொழும்பின்பால் திரும்பினர். திருநெல்வேலி நிலையம் 1963-இல் அமைந்த காலத்தும் அகில இந்திய வானொலி விளம்பரம் ஏற்றிலது. 1967-இலேயே, அதுவும் மும்பை முதலிய இடங்களில், விவித பாரதி வழியே அது தொடங்கிற்று. ஆகலின் நெல்லைச் செவிக்கு விளம்பரத் தமிழைப் பழக்கியவர் எஸ்.பி. மயில்வாகனனும், பின்வந்த கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது முதலியோருமே எனலாம். பாட்டை அறிவித்த குரலே பண்டத்தையும் அறிவித்தது. நாள்தோறும் உரிய வேளையில் இனிய பாட்டோடு வரும் குரல், மூன்றாம் திங்களில் அயற்குரலாக நிற்குமோ?

கோபால் பற்பொடி விளம்பரத்தை எண்ணுக. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாட்டுப் பெயர்களை அடுக்குவதே அதன் உயிர். பொடியின் குணங்கூறல் பின்னதே. வெற்றடுக்கு என்று தள்ளுதல் எளிது. ஆனால் நெல்லைச் சீமையில் மகனோ மாமனோ கொழும்பில் கடை நடத்திய வீடுகள் பல இருந்தன. அவ்வீடுகட்கு இலங்கை என்பது நிலநூற் பெயரன்று, உறவுப் பெயர். எண்ணலங்காரம் மட்டுமே கற்றவர்க்கு இவ்வடுக்கின் பொருள் விளங்காது.

தூரதர்சன் 1976-இல் விளம்பரம் ஏற்றது. அதன் பின்னர் வந்தவற்றுள் வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரமே சிறந்ததென்போம். குழந்தை அழுகின்றது, தாய்க்கு அவள் தாயும், அவளுக்கு அவள் தாயும் ஒரே மருந்தைக் கூறுகின்றனர். வணிகன் பேசவேயில்லை. தொல்காப்பியர் வகுத்த கூற்று நெறியை அறிந்தார், கூற்றிற்கு உரியாரைத் தேர்ந்ததிலேயே பயன் விளைந்ததென உணர்வர். காட்சி இருந்தும் வினை செய்வது பழகிய குரலே. திரைநடிகர் முகங்காட்டிப் புகழும் விளம்பரங்களுட் பெரும்பாலன இந்நுட்பம் அறியா. அறிந்த முகம் வேறு, மனைக்குரல் வேறு.

இனி, எமக்குள்ள இடர்ப்பாட்டையும் மறையாது கூறல் வேண்டும். விளம்பரம் நிகழ்ச்சியினின்று தெளிவாக வேறுபட்டுத் தோன்றல் வேண்டும் என்பது அகில இந்திய வானொலியின் விளம்பர நெறிமுறைகளுள் ஒன்று. அந்நெறி கொழும்பைக் கட்டுப்படுத்தாது. எனினும், பாட்டு முடிந்து விலை தொடங்கும் எல்லை செவிக்குப் புலப்படாமையன்றோ இலங்கைக் குரல்களின் இனிமை? கலையென்று யாம் போற்றுவதும், நேயரைக் காக்க நெறிமுறை விலக்குவதும் ஒன்றாகவே உள. மயில்வாகனன் குரலை யாம் குறைத்து மதிப்பிடோம்; ஆனால் அம்மூவனார் பாட்டைப் பாடஞ்சொல்லும்போது, கண்ணழகிற்கு விரைந்து நாயை ஒரு சொல்லாற் கடந்துபோதல் இப்பொழுது எமக்கு இயலவில்லை.