தூளியிலிருந்து தெரியும் வானம்

வான்கோவின் ‘வாதுமைப் பூக்கள்’ ஓவியத்தை இதுவரை பார்க்காதவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். இந்தக் கட்டுரை எங்கும் ஓடிவிடாது! உடையார்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது வெறும் அச்சுப்படம்தான். அதற்கே நான் இந்தப் பாடு படுகிறேன்.

நீல வானம். அதன் குறுக்கே முறுக்கிக்கொண்டு ஓடும் கிளைகள். இலை விடும் முன்பே வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துத் தள்ளியிருக்கிறது. அடிமரம் இல்லை, தரை இல்லை, தொடுவானமும் இல்லை. ஜப்பானிய மர அச்சுப்படங்கள் மீது வான்கோவுக்கு இருந்த பித்துதான் காரணம் என்பார்கள். அந்தத் தடித்த கோடுகள் அங்கிருந்து வந்தவைதான், மறுக்கவில்லை. எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது.

1890 ஜனவரி 31 அன்று தம்பி தியோவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பெரியப்பா பெயரையே வைத்தார்கள்: வின்சென்ட் வில்லெம். தெற்கு பிரான்சில், சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்த பெரியப்பா உடனே அந்தப் பிள்ளைக்காக வரைந்த படம் இது. பிள்ளைக்காக! அப்படியென்றால் மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் மரமல்லவா இது?

எங்கள் பக்கத்து முந்திரிக்காட்டுக்கு வந்து பாருங்கள். பூவும் கொட்டையும் சேர்ந்து நிற்கும் பங்குனியில், கொட்டை பொறுக்க வரும் பெண்கள் தாழ்ந்த கிளையில் புடவையைத் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டிருப்பார்கள். வாதுமையின் பகட்டு முந்திரிக்குக் கிடையாது. செம்புநிறக் கொழுந்துகளுக்கு நடுவே, பொடிப்பொடியாய், இதழில் இளஞ்சிவப்புக் கோடு ஓடும் பூ. வாசனை மட்டும் ஊரைத் தூக்கும். தூளிக்குள் கிடக்கும் பிள்ளைக்கு அடிமரம் எங்கே தெரியப்போகிறது? கிளை, பூ, இடுக்கில் வானம், அவ்வளவுதான்.

ஓவியத்துப் பூக்களைக் கிட்டத்தில் பாருங்கள். முழுதாய் விரிந்தது, பாதி விரிந்தது, சிவந்த மொட்டு என்று ஒன்றுபோல் ஒன்று இல்லை. நோயோடு மல்லுக்கட்டிய மனிதரின் கையா இது? அத்தனை நிதானம்! வரைந்த கையோடு நோய் மறுபடி சாய்த்துவிட்டது; தேறி எழுந்தபோது பூக்காலமே முடிந்திருந்தது. அந்த ஜூலையில் அவரும் போய்விட்டார்.

அந்தப் பிள்ளை வளர்ந்து, பெரியப்பாவின் படங்களைச் சிதறவிடாமல் காத்தார். 1973இல் ஆம்ஸ்டர்டாமில் திறந்த வான்கோ அருங்காட்சியகத்தில்தான் அசல் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டரை அடி உயரம், மூன்றடி அகலம். யாராவது அந்தப் பக்கம் போனால், அந்த நீலத்தில் பச்சை எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லுங்கள். எங்கள் ஊர்த் தறிக்காரர்களிடம் காட்டினால் அந்த நிறத்துக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்!